இணைப்பு 1: கிம்புலா பனிஸ்

இந்தத் திருநாட்டிலை ஒரு மனிசன் பனிஸ் தின்னுறதுக்கு ஆரிட்டையும் அனுமதி கேக்கத் தேவையில்லை. அரசியலமைப்பிலை அப்பிடி ஒரு தடையும் இல்லை, நான் வாசிச்சுப் பார்த்தனான். தடை இருந்தது உப்புவெளியிலை, பற்றிக்கின்ர வீட்டிலை, ஐவியின்ர குசினிக்குள்ளை மட்டும்தான்.

முதலிலை என்னைப் பற்றிச் சொல்லிப்போடுறன். என்ர பேர் அஞ்சலோ. ஓர்ஸ் ஹில்லிலை அரசாங்கக் கந்தோருகள் இருக்கிற றோட்டிலை, வாகை மரத்துக்குக் கீழை ஒரு மேசையும் ரெண்டு கதிரையும் போட்டுச் சனத்துக்கு விண்ணப்பம் எழுதிக் குடுக்கிறனான். இருபத்தேழு வருசம். பிறப்புச் சான்றிதழிலை இருந்து தண்ணி மீற்றர் வரைக்கும் நான் எழுதாத விசயம் இல்லை. என்ர கையெழுத்திலை போன ஒரு விண்ணப்பமாவது "பூரணமற்றது" எண்டு திரும்பி வந்ததில்லை. கேட்டது கிடைச்சுதோ எண்டு மட்டும் என்னைக் கேக்கப்படாது, அது என்ர பொறுப்பில்லை.

பற்றிக் துறைமுகத்திலை இழுவைப் படகிலை முப்பது வருசம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். பெரிய பெரிய கப்பலுகளைக் கயிறு போட்டு இழுத்த மனிசனை, ரெண்டு வருசத்துக்கு முந்தி, கைப்பிடியளவு ரெண்டு சிறுநீரகம் இழுத்து விழுத்திப்போட்டுது. கிளினிக்கிலை கொப்பி ஒண்டு போட்டு, இதைத் தின்னலாம், இதைத் தின்னப்படாது எண்டு எழுதிக் குடுத்துவிட்டினம்.

அவற்ற மனிசி ஐவிக்கு வேதாகமத்துக்கு அடுத்தது அந்தக் கொப்பிதான். சில நாளிலை வரிசை மாறும். கொப்பியிலை "உப்பைக் குறைக்கவும்" எண்டு கிடந்தது, வீட்டிலை உப்புப் போத்தலே இல்லாமல் போச்சு. கருவாடு போச்சு, வாழைப்பழம் போச்சு, இளநீர் போச்சு. கீரையை நிறையத் தண்ணியிலை அவிச்சு, தண்ணியை ஊத்திப்போட்டு, மிஞ்சிக் கிடக்கிற பச்சை நிறத்தை மனிசனுக்குக் குடுப்பா. அவவைப் பிழை சொல்ல ஏலாது. அவவின்ர சொந்தத் தமையன் இதே வருத்தத்திலைதான் இரத்தம் சுத்தப்படுத்துற மெஷினிலை கிடந்து கண்ணை மூடினவர். "இன்னொருத்தரை அந்தக் கட்டிலிலை வைச்சுப் பாக்க என்னாலை ஏலாது அண்ணை" எண்டு ஒருநாள் எனக்கு முன்னாலை விக்கி விக்கி அழுதவ.

பற்றிக் எல்லாத்தையும் விட்டார். ஒண்டை மட்டும் விட ஏலேல்லை. அதுதான் கிம்புலா பனிஸ். கிம்புலா எண்டால் சிங்களத்திலை முதலை. நீட்டா, வால் வைச்சு, முதுகு முழுக்கச் சீனி கொட்டிக் கிடக்கும். பின்னேரம் நாலு மணிக்கு அபூதாஹிர் பாணும் பனிஸும் விக்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு இறக்கக்கண்டிப் பக்கம் போகேக்கை, பற்றிக் கேற்றடியிலை வந்து நிப்பார். வாங்குறதுக்கில்லை, மணக்கிறதுக்கு.

"மணத்துக்குக் கொப்பி தேவல்ல அண்ணன், நல்லா இழுத்துக்கங்க" எண்டு சொல்லி அபூதாஹிர் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு நிமிசம் வைச்சிருப்பார். கிண்ணியா மனிசன், இரக்கமான ஆள்.

ஒருநாள் கிளினிக்கிலை பற்றிக் துணிஞ்சு கேட்டேவிட்டார். டொக்டர் இளம் பெடியன். இரத்த றிப்போட்டைப் பார்த்துப்போட்டுச் சிரிச்சவராம். "ஐயா, உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை. றிப்போட்டும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமையிலை பாதி சாப்பிடுங்கோ. பாதிதான், சொல்லிப்போட்டன். அண்டைக்குப் பாணைக் குறையுங்கோ."

பற்றிக் பஸ்ஸாலை இறங்கி வீட்டை ஓடினவர்.

"கொப்பியிலை எங்கை?" எண்டா ஐவி.

"வாயாலை சொன்னவர் ஐவி."

"வாயாலை ஆரும் என்னவும் சொல்லலாம். நீங்களும் என்னைக் கட்டேக்கை வாயாலை கனக்கச் சொன்னனீங்கள்."

அடுத்த கிளினிக்குக்குப் போனால், அந்தப் பெடியனுக்கு இடமாற்றம். புதுசா வந்த டொக்டர் பிள்ளை கொப்பியைப் பார்த்தா. "பாதிப் பனிஸிலை ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. ஆனால் எழுதித் தர ஏலாது. போன மாசம் சுற்றறிக்கை வந்தது. இனிப்பு மாப்பண்டம் பற்றின எழுத்தெல்லாம் ஓர்ஸ் ஹில்லிலை புதுசாத் திறந்த பிரிவாலைதான் வரவேணுமாம்."

அந்தப் பிரிவின்ர முழுப்பேர், இனிப்பு மாப்பண்டங்கள் நெறிப்படுத்தல் மற்றும் நல்வாழ்வு ஒருங்கிணைப்புப் பிரிவு. பெயர்ப்பலகை கந்தோரை விட நீளம். மிச்சம் பக்கத்து மதிலிலை கிடக்கு. எனக்கு முன்னாலைதான், றோட்டைக் கடந்தால் வாசல். அப்பிடித்தான் பற்றிக் என்ர மேசைக்கு வந்தவர்.

நான் பேனையைத் துடைச்சு எழுதினனான்: "நீண்டகாலச் சிறுநீரக நோயாளியாகிய மேற்படி விண்ணப்பதாரி, இத்துடன் இணைக்கப்பட்டு இணைப்பு 1 எனக் குறிக்கப்பட்டுள்ள இனிப்புப் பனிஸின் அரைப்பங்கினை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கொள்வதற்குத் தங்களது மேலான அனுமதியைத் தாழ்மையுடன் வேண்டி நிற்கின்றார்."

"பனிஸை இணைக்கத்தான் வேணுமோ அண்ணை?" எண்டு பற்றிக் கேட்டார்.

"இணைப்பில்லாத விண்ணப்பத்தை ஆர் காணும் மதிப்பான்? இருபத்தேழு வருசமா இந்த மரத்துக்குக் கீழை இருக்கிறன், எனக்குத் தெரியாதே?"

அபூதாஹிரிட்டை ஒரு பனிஸ் வாங்கி, சாக்கு ஊசியாலை வாலிலை ஓட்டை போட்டு, பைல் நூலாலை விண்ணப்பத்தோடை கட்டினன். பாக்க வடிவாத்தான் இருந்தது.

அந்தப் பிரிவின்ர முன் மேசையிலை நிலுஷா எண்டு ஒரு பிள்ளை. பனிஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஐயா, இது மூலமோ, பிரதியோ?"

"மூலம் பிள்ளை."

"மூலத்தைப் பைலிலை போட்டால் பிரதி ஒண்டும் வேணுமே. உறுதிப்படுத்தின பிரதி."

பற்றிக் அபூதாஹிரின்ர அதே தட்டிலை இருந்து இன்னொரு பனிஸ் வாங்கினார். ரெண்டையும் தூக்கிக்கொண்டு நாங்கள் றஊப் ஹாஜியாரிட்டைப் போனம். அவர் அகில இலங்கை சமாதான நீதவான், பிரதிகளை உறுதிப்படுத்திக் குடுக்கிறவர். றப்பர் சீல் எப்பவும் சேட்டுப் பொக்கற்றிலைதான் கிடக்கும், கலியாண வீட்டிலையும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு பனிஸையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுக் கால் மணித்தியாலம் ஒப்பிட்டார்.

"இதுல வாலடியில சீனி குறையுது. இத உண்மைப் பிரதி எண்டு எழுதி நான் அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லுற?"

"மூலத்திலை கொஞ்சத்தைச் சுரண்டி விட்டால்?" எண்டன் நான்.

"மூல ஆவணத்தில கை வெக்கிறதா?" ஹாஜியார் எழும்பியே போட்டார். பேந்து ஒருவாறு சமாளிச்சு, பிரதிக்கு மேலை அரைக் கரண்டி சீனி தூவி, "மூலத்துடன் ஒப்பிடப்பட்ட உண்மைப் பிரதி" எண்டு ஊதா மையிலை சீல் குத்தினார். அந்தப் பனிஸ் இனி நாட்டின்ர மற்றக் கோடியிலை, மாத்தறையிலையும் செல்லும்.

நிலுஷா சந்தோசப்பட்டா. "எல்லாம் சரி ஐயா. இனிப் பனிஸின்ர வதிவிடச் சான்றிதழ் மட்டும்தான்."

அதுக்குக் கிராம உத்தியோகத்தரிட்டைப் போகவேணும். அவர் அபூதாஹிரைக் கூப்பிட்டு விசாரிச்சார்.

"இந்தப் பனிஸின்ர நிரந்தர வதிவிடம் எங்கை?"

"சேர், விடிய நாலு மணிக்கு டவுன் பேக்கரில பொறக்கும். பின்னேரம் ஆறு மணிக்குள்ள யாருட வயித்துக்குள்ளயாவது போயிரும். நிரந்தரம் எண்டு சொல்ல ஒண்ணும் இல்ல."

"தற்காலிக வதிவிடம்?"

"என்ட ஓட்டோ."

"ஓட்டோ என்ர பிரிவிலை எவ்வளவு நேரம் நிக்கும்?"

"வாங்க ஆள் இருந்தா நிக்கும் சேர்."

அவர் நேரிலை வந்து களப்பரிசோதனை செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளை தலையை விட்டுப் பார்த்து, ரெண்டு பனிஸைத் திண்டு, மேற்படி பனிஸ் தனக்கு நேரிலை தெரிஞ்சது எண்டும் நன்னடத்தை உள்ளது எண்டும் எழுதித் தந்தார்.

இப்பதான் பைல் உதவிப் பணிப்பாளர் ஹஸ்மி சேரின்ர மேசைக்கு ஏறிச்சுது. ஹஸ்மி சேர் நல்வாழ்விலை சரியான பிடிப்புள்ள ஆள். கையிலை காலடி எண்ணுற மணிக்கூடு. ஒருநாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேணுமாம். அவருக்கு எங்கை நேரம், கதிரையிலை இருந்துகொண்டே கையை ஆட்டி ஆட்டிக் கணக்கை முடிச்சுப்போடுவார். ஒப்பம் வைக்கேக்கையும் ஆட்டுவார். அதாலை அவற்ற கையெழுத்தை வங்கியும் ஏத்துக்கொள்ளுறதில்லை.

"இதொரு கொள்கைப் பிரச்சினை," எண்டார். "கிளினிக் பட்டியலின்படி பாண் எண்டால் அளவோடை அனுமதி. கேக் எண்டால் தவிர்க்க வேணும். இது பாணோ, கேக்கோ? ஒரு குழு போடுவம்."

குழு போட்டாச்சு. அபூதாஹிர் நிபுணர் சாட்சி.

"சேர், இது பனிஸ்."

"அது பேர். நான் கேக்கிறது வகை."

"பாண் மாதான் சேர். மேல கொஞ்சம் மாஜரின், சீனி."

"அப்ப பாணுக்கு மேலை சீனி போட்டால் கேக் ஆகுமோ?"

"எங்கட ஊட்டுப் புள்ளையள் பாணுக்குச் சீனி தொட்டுத்தான் திங்குதுகள் சேர்."

ஹஸ்மி சேர் குனிஞ்சு எழுதினார்: சாட்சியின் பிள்ளைகள் வீட்டில் கேக் தயாரிக்கின்றனர்.

மூண்டாம் கூட்டத்திலை ஒரு முடிவு வந்தது. மேற்பாதி கேக், கீழ்ப்பாதி பாண். பற்றிக் துள்ளி எழும்பி, "அப்ப கீழ்ப்பாதியைத் தாங்கோ சேர், நான் போறன்" எண்டார். ஏலாது. விண்ணப்பத்திலை அரைப்பங்கு எண்டு கிடக்கு, எந்த அரை எண்டு இல்லை. குறுக்காலை வெட்டுறதோ, நெடுக்காலை வெட்டுறதோ எண்டு உபகுழு. குறுக்கை எண்டு அவையள் முடிவெடுக்க, தலைப் பக்கமோ வால் பக்கமோ எண்டு இன்னொரு உபகுழு. வால் பக்கம் ஒடுங்கினது, அதிலை மா குறைவு, ஆகவே நோயாளிக்கு உகந்தது எண்டு பதினோராம் கூட்டத்திலை ஏகமனதாத் தீர்மானிச்சினம்.

கூட்டம் எண்டால் தேத்தண்ணியும் தட்டும் இருக்கும்தானே. தட்டிலை ஆளுக்கு ஒரு கிம்புலா பனிஸ், ஆராய்ச்சிக்காக. பற்றிக்குக்கு மட்டும் இல்லை. பரிசீலனையிலை இருக்கிற பண்டத்தை விண்ணப்பதாரிக்கே குடுத்தால் அது பக்கச்சார்பாம். அவருக்கு ஹஸ்மி சேர் தன்ர கையாலை வாழைப்பழமும் இளநீரும் எடுத்து நீட்டுவார்.

"இயற்கை, பற்றிக்! கலப்படம் இல்லாதது. நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறன்."

"சேர், கிளினிக்கிலை எனக்கு வேண்டாம் எண்டு எழுதினதே இந்த ரெண்டும்தான்."

"அவையளுக்கு என்ன தெரியும்? இது இயற்கையல்லோ!"

பற்றிக் நல்ல மனிசன், சண்டை பிடிக்கமாட்டார். பழத்தைப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு வந்து என்ர மேசையிலை வைப்பார். எட்டு மாசம் நான் நல்ல வாழைப்பழம் திண்டனான், மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை.

எட்டு மாசமும் பின்னேரம் நாலு மணிக்கு ஓட்டோ வந்து நிக்கும். "எழுத்து வந்துட்டா அண்ணன்?" "இல்லைத் தம்பி." கதவைத் திறப்பார், இவர் மணப்பார், ஓட்டோ போகும். ஐவி குசினி யன்னலாலை பார்த்துக்கொண்டு நிப்பா. அவவுக்கும் பாவமாத்தான் இருந்தது. ஒருக்கால் என்னட்டைக் கேட்டா, "அண்ணை, கெதியாக் கிடைக்காதோ? அந்த மனிசன் நித்திரையிலை வாயைச் சப்புது." எனக்கும் ஒருமாதிரிப் போச்சு. எண்டாலும் விண்ணப்பத்திலை ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லி அனுப்பினன்.

கடைசியா ஒரு வெள்ளிக்கிழமை, அனுமதிப் பத்திரம் வழங்கும் வைபவம். பனர் கட்டியாச்சு. பனரிலை ஹஸ்மி சேரின்ர படம் பெரிசா, பனிஸின்ர படம் நடுத்தரமா, பற்றிக்கின்ர பேர் அடியிலை சின்னனா. குத்துவிளக்கு ஏத்திச்சினம். "ஒரு நோயாளியின் கண்ணீரைத் துடைத்த நாள்" எண்டு ஹஸ்மி சேர் முக்கால் மணித்தியாலம் பேசினார். போட்டோ எடுத்து அப்பவே பேஸ்புக்கிலை போட்டாச்சு. பற்றிக் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு, ஐவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தவர்.

நிலுஷா கடிதத்தை உரத்து வாசிச்சா: "இணைப்பு 1 எனக் குறிக்கப்பட்ட பனிஸின் வால்பக்க அரைப்பங்கினை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கொள்வதற்கு இப்பிரிவுக்கு ஆட்சேபனை இல்லை."

வாசிச்சுப்போட்டு, வெள்ளித் தட்டொண்டிலை இணைப்பு 1ஐக் கொண்டுவந்து வைச்சா. டொக் எண்டு சத்தம் கேட்டது.

நான் எட்டு மாசத்துக்கு முந்தி வாலிலை ஓட்டை போட்டுக் கட்டின அதே பனிஸ். சீனியை எறும்பு கொண்டுபோட்டுது. மிச்சம் கல்லு. நூல் மட்டும் புதுசு மாதிரிக் கிடந்தது.

"சேர்," எண்டார் பற்றிக் மெல்லமா, "இது பழசு."

"பழசில்லை பற்றிக், இது ஆவணம்."

"அப்ப அபூதாஹிரின்ர ஓட்டோவிலை இருக்கிற பனிஸ்?"

"அதை நீங்கள் இணைக்கேல்லையே. எங்களாலை இணைச்சதுக்குத்தான் அனுமதி தர முடியும். வேற பனிஸ் எண்டால் வேற விண்ணப்பம்." ஹஸ்மி சேர் பைலைத் திறந்தார். "'இத்துடன் இணைக்கப்பட்டு' எண்டு தெளிவாக் கிடக்கு. இதை ஆர் எழுதினது?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தினம். நான் குத்துவிளக்கைப் பார்த்தன்.

வீட்டை வந்து ஐவி கடிதத்தை வாசிச்சா. அடியிலை கிடந்த முத்திரையைப் பார்த்தா. பனிஸை எடுத்து மேசையிலை ஒருக்காத் தட்டிப் பார்த்தா. நான் கதவடியிலை நிண்டனான், உள்ளை போகப் பயமாயிருந்தது.

"அண்ணை, இதைக் கடிச்சால் இந்தாளுக்குப் பல்லு மிஞ்சுமோ?"

"சட்டப்படி இதைத்தான் பிள்ளை..."

"சட்டத்தை நீங்கள் கடியுங்கோ!" எண்டு கத்தினவ, அப்பிடியே கதிரையிலை இருந்து அழத் தொடங்கிவிட்டா. "சின்னப் பெடியன், படிச்ச டொக்டர், முகத்தைப் பார்த்துப் பாதி தின்னுங்கோ எண்டு சொன்னவர். அதை நம்பாமல் இந்தச் சீலுகளை நம்பி எட்டு மாசம் என்ர மனிசனை ஏங்க விட்டனே, கடவுளே!"

அந்த நேரம் பாட்டுக் கேட்டது. நாலு மணி. ஐவி கண்ணைத் துடைக்காமல் கேற்றடிக்கு ஓடி ஓட்டோவை மறிச்சா. அபூதாஹிர் வழக்கம்போலை மணக்கிறதுக்குக் கதவைத் திறந்தார். ஐவி கையை விட்டு ஒரு பனிஸை எடுத்தா. ஓட்டோக்கார மனிசன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டார்.

உள்ளை கொண்டுவந்து மேசையிலை வைச்சுக் குறுக்கை வெட்டி, வால் பக்கத்தைப் பற்றிக்கின்ர கையிலை குடுத்தா.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை ஐவி."

"ஞாயிறெண்டு நினைச்சுக்கொண்டு தின்னுங்கோ. நாளையண்டைக்கும் தாறன். பாணைக் குறைப்பம்."

பற்றிக் சின்னச் சின்னனாக் கடிச்சுக் கடிச்சுத் திண்டார். மீசையெல்லாம் சீனி. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கண் கலங்கிப்போச்சு. எனக்கு ஒரு தேத்தண்ணி கூட ஒருத்தரும் தரேல்லை, நான் குறை சொல்லவும் இல்லை.

இதோடை கதை முடிஞ்சுது எண்டுதான் நானும் நினைச்சனான்.

திங்கட்கிழமை விடிய ஏழு மணிக்கு வந்தால், வாகை மரத்தடியிலை இருந்து றோட்டு வளைவு வரைக்கும் வரிசை. ஒவ்வொருத்தற்ற கையிலையும் ஒரு பனிஸ். பேஸ்புக்கிலை போட்டோவைப் பார்த்த சனம், இனிப் பனிஸ் தின்னுறதெண்டால் அனுமதி எடுக்க வேணுமாக்கும் எண்டு ஓடி வந்திருக்கு. வருத்தம் உள்ளவையும் வந்தினம், இல்லாதவையும் வந்தினம். ரெண்டு பேர் பனிஸே தின்னாத ஆக்கள், வரிசையைக் கண்டு நிண்டவை. அவையளுக்கு அபூதாஹிர் பக்கத்திலை ஓட்டோவை நிப்பாட்டி வித்துக்கொண்டு நிண்டார்.

வரிசையிலை நாலாவது ஆள் ஹஸ்மி சேர். கையிலை புதுக் கிளினிக் கொப்பி. எட்டு மாச ஆராய்ச்சி இரத்தத்திலை சீனியாக் காட்டிப்போட்டுதாம்.

"சேர், உங்கட கந்தோர்தானே? நீங்களே ஒப்பம் வைக்கலாமே?"

"எனக்கு நானே அனுமதி குடுத்தால் ஊழலல்லோ," எண்டு சொல்லிக் கையை ஆட்டினார். "எழுதுங்கோ அஞ்சலோ. உள்ளை நிலுஷா ஏற்கெனவே பிரதி கேட்டுப்போட்டா."

நான் எழுதினன்: "இத்துடன் இணைக்கப்பட்டு இணைப்பு 1 எனக் குறிக்கப்பட்டுள்ள..." மாத்தி எழுதுவமோ எண்டு ஒரு நிமிசம் யோசிச்சனான். ஆனால் அந்த வசனத்துக்குத்தானே அனுமதி கிடைச்சது. அனுமதி கிடைச்ச வசனத்திலை கை வைக்கிறதுக்கு எனக்கென்ன விசரோ?

ஹஸ்மி சேரின்ர பனிஸுக்கு நூல் கட்டிக்கொண்டிருக்கேக்கை நிமிர்ந்து பார்த்தன். வரிசையின்ர கடைசியிலை சைக்கிளை உருட்டிக்கொண்டு பற்றிக் நிக்கிறார். மீசையிலை நேத்தைய சீனி அப்பிடியே கிடக்கு.

அவர் முன்னுக்கு வர மத்தியானமாச்சு.

"என்ன பற்றிக், நேத்தும் திண்டாச்சுத்தானே? இனியென்ன?"

"அது வால் பக்கம் அண்ணை." பொக்கற்றிலை இருந்து கடதாசியிலை சுத்தின ஒண்டை எடுத்துக் கவனமா மேசையிலை வைச்சார். "தலைப் பக்கத்தைப் பற்றி டொக்டர் வாயாலையும் சொல்லேல்லையாம், எழுத்திலையும் இல்லையாம். எழுத்து எடுத்துக்கொண்டு வந்தால் பாப்பம் எண்டு ஐவிதான் அனுப்பினவ."

நான் கடதாசியை விரிச்சு, ஊசியை எடுத்து, அந்த முதலையின்ர மூக்கிலை ஓட்டை போட்டன்.